செய்யாற்றுப் பெண்ணுக்குப் போன நாற்காலி

பேச்சுப் போட்டிகளில் எச்சரிக்கை மணி அடித்த பிறகும் தடுமாறாத குரல் என்னுடையது. எங்கள் வீட்டு அலமாரியில் பாத்திரங்களுக்கு இடமில்லாதபடி கேடயங்கள் நிற்கின்றன. ஆகவே, நடப்புச் செய்தி ஒன்றை எடுத்து அதன் பழைய வரலாற்றை ஞாயிறுதோறும் சொல்ல ஆரணியின் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சி ஒருவரைத் தேடுகிறது என்று அறிந்தபோது, அந்த நாற்காலி எனக்கே உரியது என்று நம்பினேன். எனக்குப் போட்டியாக வந்தவள் ஒருத்திதான். என் வகுப்புத் தோழி. செய்யாற்றிலிருந்து பேருந்தில் வந்துபோகிறவள். ஒரு மேடையும் ஏறாதவள்.

தேர்வு, கல்யாண மண்டபம் ஒன்றில், ஊரார் முன்னிலையில் நடந்தது. அப்போது ஊரெல்லாம் பேசிய செய்தியே தலைப்பு: திருவண்ணாமலை மாவட்டத்தைப் பிரித்தால் புதிய மாவட்டத்தின் தலைநகர் ஆரணியா, செய்யாறா?

முதலில் நான். ஆற்காட்டு நவாபில் தொடங்கி, ஆரணி ஜாகீரையும் கோட்டையையும் பட்டு நெசவையும் அடுக்கடுக்காக எடுத்துவைத்தேன். கைதட்டல் எழுந்தது. அந்த வேகத்தில், "இதை மறுக்கும் எதிரணி நண்பர்களைக் கேட்கிறேன்!" என்று இடப்பக்கம் விரலை நீட்டினேன். பட்டிமன்றத்தில் எதிரணி எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தே பழக்கம். அன்று அங்கே நின்றிருந்தது ஒரு மின்விசிறி.

முன்வரிசையில் இருந்த பட்டு வியாபாரி ஒருவர் விடவில்லை. "இன்னா தம்பி, ஃபேனாண்ட சண்டை போட்டுகினு கீற? அது வேணாம் வேணாம்னு தலையாட்டுது பாரு!"

மண்டபம் சிரித்து ஓய்வதற்குள் என் நேரம் முடிந்துவிட்டது.

அவள் வணக்கம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. "எங்க அப்பாவோட பொறப்பு சர்டிபிகேட்ல வட ஆற்காடு மாவட்டம்னு இருக்குங்க. எங்க பெரியண்ணனுக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். எனக்கு வெறும் திருவண்ணாமலை. நாங்க மூணு பேரும் பொறந்தது ஒரே வீடு" என்றாள். அந்த மூன்று பெயர்களும் எப்படி வந்தன, ஏன் மாறின என்று, பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் சான்றிதழில் என்ன மாவட்டம் என்று சொல்லத் தொடங்கினார்கள். என்னைக் கிண்டல் செய்த வியாபாரி எழுந்து நின்றே சொன்னார்.

"நீ நல்லாத்தான் பேசற தம்பி. ஆனா ஜெயிக்கறதுக்குப் பேசற" என்றார் தேர்வு நடத்திய கேபிள்காரர். நாற்காலி அவளுக்குப் போயிற்று.

பேருந்து நிலையத்தில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "கோட்டையைப் பத்தி நீ சொன்னது எதுவுமே எனக்குத் தெரியாதுபா. எங்க படிச்ச?" கேலியாக இருக்கும் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படியும் இல்லை. கேலியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்!

அந்த நிகழ்ச்சியை நான் பார்ப்பதில்லை என்று வீட்டில் அறிவித்தேன். ஞாயிறுதோறும் கூடத்தில் அம்மா தொலைக்காட்சியில் பார்க்க, நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் பார்த்தேன். அவள் குரல் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராகப் போகும். அதற்கு ஏன் ஊர் மயங்குகிறது என்பது எனக்கு விளங்கவேயில்லை. ஒரு பிழைக்காகக் காத்திருந்தேன்.

வந்தது. வந்தவாசி முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்ததாகச் சொன்னாள். அதுவும் வட ஆற்காட்டில்தான் இருந்தது. அவள் திணறுவதைக் கேட்க வேண்டும் என்றே, நிகழ்ச்சி முடிந்த உடனே அவளை அழைத்தேன்.

"அய்யோ, ஆமாம்பா! ரொம்ப தேங்க்ஸ். அடுத்த வாரம் சொல்லிடறேன்" என்றாள்.

சொன்னாள். நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே, "போன வாரம் தப்பாச் சொல்லிட்டேங்க. ஆரணியில ஒரு நண்பர் திருத்தினாரு" என்றாள். மறுநாள் டீக்கடையில் அதே பேச்சு: "தப்புன்னு தானே ஒத்துக்குது பாரு, அதான் படிச்ச புள்ள!" நான் கண்டுபிடித்த பிழை அவளுக்குப் புகழாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

அம்மா இரவு உணவு பரிமாறும்போது கேட்டாள்: "யாருடா அந்த நண்பர்? விஷயம் தெரிஞ்ச ஆளு போல. உனக்குத் தெரிஞ்சவங்களா?"

நான்தான் என்று சொன்னால், வாராவாரம் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். "தெரியலம்மா" என்றேன்.