தூக்கிக்கொண்டு போக முடியாத கணினி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, நான் எந்த ஊரிலும் இரண்டு வருடம் முழுதாக இருந்ததில்லை. கலியாணம் கட்டி, நெடுங்கேணியில் தட்டச்சுக் கடை போட்ட பிறகுதான் ஓரிடத்தில் தரித்தேன். மனைவியின் காணியும் வீடும் இங்கேதான்.

இந்த வருடம் கடையின் ஒரே கணினி, வேலைக்கு நடுவே தானாக நிற்கத் தொடங்கியது. பழையதைத் திருத்துவதை விட மடிக்கணினி ஒன்று வாங்கலாம் என்றேன். அதைப் பையில் வைத்துக்கொண்டு எந்த ஊரிலும் பிழைக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது. மனைவிக்கு அது விளங்கிவிட்டது.

"இந்தப் பெட்டியைத் தூக்கேலாது எண்டுதானே இவ்வளவு நாளும் இஞ்ச இருந்தனீங்கள்?" என்றாள்.

கணினி திருத்த வவுனியாவிலிருந்து வந்தவர் முஸ்லிம்; அண்ணன் என்ற முறையில் அவரை நாங்கள் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். அவர் மூடியைக் கழற்றினார். உள்ளே எறும்பு மொய்த்திருந்தது. வாணி விழாவில், சரஸ்வதி பூசைக்கென்று கணினியின் தலையில் சந்தனம் பூசி, அதன் மேலேயே அவலும் சர்க்கரையும் படைத்தது நான்தான். காற்றுத் துளைகளால் உள்ளே விழுந்தவை விசிறியை இறுக்கியிருந்தன.

"பிரசாதம் முழுக்க எறும்புக்குத்தான் போயிருக்கு, தம்பி. மிஷினில பிழையில்ல. மெமரி கொஞ்சம் கூடப் போட்டா இன்னும் ஓடும். புதுசுதான் வேணுமெண்டா எடுங்கோ."

புதியது வாங்க எனக்கு ஒரு சாட்டும் மிஞ்சவில்லை. மனைவி தேத்தண்ணியோடு வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெமரியைப் போடுங்கோ, நானா," என்றேன்.

அவள் அவருக்குத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, எறும்பைத் துடைக்கத் துணி தேடிப் போனாள்.