மாமாவின் வாய்க்குள் ஒரு கை

டாக்டர், என் மாமாவின் வாய்க்குள் முழங்கை வரை கையை விடுவார், மாமா நறுக்கென்று கடிப்பார், நாங்கள் ஊர் திரும்பும்போது டாக்டரின் விரல் ஒன்று மாமாவிடம் இருக்கும் என்று நான் உறுதியாக நம்பினேன். சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு எட்டு வயது. மாட்டு வைத்தியம் மட்டும்தான் தெரியும். எங்கள் ஜவ்வாது மலையில் மாட்டின் தொண்டையில் மாங்கொட்டை சிக்கினால், பல்லுக்கிடையில் ஒரு கட்டையைச் செருகிவிட்டு அப்பா கையை உள்ளே விட்டு எடுப்பார். ஒருநாள் கட்டை நழுவிவிட்டது. அப்பா போட்ட சத்தத்தில் மாடே பயந்துபோனது.

மாமாவுக்குச் சிக்கியிருந்தது மாங்கொட்டை அல்ல. பீடி பிடித்துப் பிடித்துக் குரல்நாணில் புற்று. சாமைக்கொல்லையில் நின்று கிளி ஓட்டினால் சரிவே அதிரும் குரல், சில மாதங்களாக வெறும் காற்றாகிவிட்டிருந்தது. குரல் போகுமா, ஆளே போய்விடுவாரா என்று பெரியவர்கள் குசுகுசுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அத்தை சொன்னாள்: "கழுத்த அறுக்க மாட்டாங்களாம். வாய் வழியாவே எடுத்துடுவாங்களாம்."

"மாமா கடிச்சிட்டா இன்னா பண்றது?" என்றேன்.

"மொதல்ல உன்னத்தான்டா கடிப்பேன்" என்று மாமா மூச்சாலேயே சொன்னார்.

நிலைமையின் ஆபத்து அங்கே யாருக்கும் புரியவில்லை. மாட்டுக்கட்டையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, அம்மாவோடு நானும் போளூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். இன்னொரு பஸ் மாறிப் போன பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவைக் கண்டதும் கட்டையை நீட்டினேன்.

"என்ன தம்பி இது?"

"மாட்டுக்கு வெக்கறதுங்க. உங்க கை பத்திரம்ங்க."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "எங்ககிட்டயும் இருக்குப்பா, இரும்புல. அவரைத் தூங்க வெச்சு, வாய்க்குள்ள குழாய் விட்டு, லேசர்ங்கற ஒளியால வெட்டி எடுப்போம். கையே உள்ள போகாது" என்றார்.

ஒளியால் வெட்டுவார்களாம்! எங்கள் வீட்டு டார்ச் லைட் ஒரு வெண்டைக்காயைக்கூட வெட்டியதில்லை.

ஆபரேஷன் அன்று மாலையில் மாமாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஓடிப்போய்க் கழுத்தைப் பார்த்தேன். பஞ்சில்லை, தையலில்லை, ஒரு கீறல்கூட இல்லை.

"அத்தே! ஒண்ணுமே பண்ணல! ஏமாத்திட்டாங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. பேசக்கூடாது என்று உத்தரவு என்பதால், மாமா அறைவதுபோல் கையை மட்டும் ஓங்கிக் காட்டினார்.

அந்த வருஷம் சாமை கதிர் பிடித்ததும் கிளிகள் வந்து இறங்கின. மாமா கொல்லைமேட்டில் ஏறி, தொண்டையை ஒருமுறை தடவிக்கொண்டு, "ஹோஓஓய்!" என்றார். கரகரப்புதான். ஆனால் பச்சைப் போர்வையை உதறியதுபோல் மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்தது. எதிர்ச்சரிவிலிருந்து யாரோ, "இன்னா மாமா, வந்துட்டியா?" என்று கூவினார். "வந்துட்டேன்டா!" என்று மாமா திருப்பிக் கூவினார்.

நான் குதித்துக் குதித்துக் கைதட்டினேன். அத்தை மட்டும் வரப்பில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கிளி ஓடியதற்கெல்லாம் ஒருத்தி அழுவாளா என்று எனக்கு ஒரே எரிச்சல்.

புற்று முழுவதையும் வாய் வழியாகவே எடுத்துவிட்டிருந்தார்கள். அது திரும்பி வரவே இல்லை.