கரையோட ஒரு வீடு

மட்டக்களப்பில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் மூட்டை கட்டிக்கொண்டு பெண்வீட்டுக்கு வரவேண்டும். வீடு பெண்ணுக்கு, அதுதான் வழமை. எத்தனை பெண் பெற்றாலும் அத்தனை வீடு கட்டவேண்டியது தகப்பனின் தலையெழுத்து. நாவலடியில் கரைவலை இழுத்த நல்லரத்தினம் இரண்டு பெண் பெற்று ஒரு வீடுதான் கட்டினார். அது மூத்தவளுக்குப் போனது. இளையவள் புஸ்பத்துக்குக் கட்டுவதற்குள் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை வந்துவிட்டது. சீமெந்தும் இல்லை, கடலில் இறங்க அனுமதியும் இல்லை.

புஸ்பத்துக்கு வீடு ஒரு கவலையே இல்லை. அவள் வீட்டில் இருந்தால்தானே. நாவலடி ஒடுங்கிய நிலம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. படித்தவர்கள் அதை வாவி என்பார்கள், ஊருக்கு அது ஆறுதான். விடிந்ததும் முற்றத்தைக் கூட்டிவிட்டுக் கடற்கரையில் இறங்கினாளென்றால் வடக்கே முகத்துவாரம் வரைக்கும் போய்த்தான் திரும்புவாள். அங்கே ஆற்றுத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வரும், கடல் பச்சையாக நிற்கும், இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கிடக்கும். மாரியில் ஆறு பெருகி ஊருக்குள் ஏறப் பார்க்கும்போது ஆட்கள் மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டி விடுவார்கள். அதைப் பார்க்க முதல் ஆளாகப் போய் நிற்பவள் இவள்தான். எந்த வளைவில் எந்தச் சிப்பி ஒதுங்கும், எந்த மாதத்தில் அலை கரையைத் தின்னும், அடம்பன் கொடி எதுவரை போகும், எல்லாம் அவளுக்குத் தெரியும். குமர்ப்பிள்ளைக்குக் காலில் சக்கரமா என்று தாய் ஏசுவாள். ஏச்சு முடியுமுன் இவள் அலையில் நிற்பாள்.

தொண்ணூற்றைந்தில் சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை வினாயகமூர்த்தி, வவுணதீவில் சொந்த வயல்வட்டையில் வேளாண்மை செய்கிறவர். சீதன வீடு வேண்டாம், எங்களிடமே வீடிருக்கிறது என்றார்கள். வயலும் வரம்புமாய் ஆற்றுக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரையில் அந்த ஊர் இருப்பது முன்வாசலில் இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளின் காதில் விழுந்தது ஒரு துண்டுப் பேச்சு மட்டும்: வீடு கரையோடதான். அன்றைக்கு மாலை அவள் தகப்பனிடம் கேட்டாள்.

"கரைதானே அப்பா?"

"ஓம் மனே, கரையோடதான் வீடு. வாசல்ல நிண்டாத் தண்ணி."

தகப்பன் பொய் சொல்லவில்லை. மகளும் பிழையாகக் கேட்கவில்லை. நாவலடியில் பிறந்தவளுக்குக் கரை என்றால் கடற்கரை; படுவான்கரையாருக்குக் கரை என்றால் ஆற்றங்கரை. ஒரே சொல்லை இரண்டு ஊர் இரண்டு விதமாக வைத்திருந்தது, அவ்வளவுதான். புஸ்பம் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டு முழுக்க முழுக்கக் கடலுக்கு.

கலியாணம் முடிந்து நாலாம் நாள் வவுணதீவில் போய் இறங்கினாள். வாசலில் நின்றால் தண்ணீர்தான். சதுப்பில் முளைக்கும் கண்ணா மரமும் சேறுமாக, அலை என்ற பேச்சே இல்லாத தண்ணீர். கடல் எங்கே என்று புருசனைக் கேட்டாள். அவர் கிழக்கே கையைக் காட்டினார். காகம் பறந்தால் நாலைந்து கட்டைதான், கட்டைக்கு ஒரு மைல். ஆனால் மனிதர் போவதென்றால் இந்தப் பக்கத்தை வைத்திருந்த இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும், வலையிறவுப் பாலத்தில் ஆமியிடம் பதிய வேண்டும், பையைக் கொட்டிக் காட்டவேண்டும், நாலு மணிக்குமுன் திரும்பவேண்டும். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. புதுப்பெண்ணுக்கு வெட்கம் என்று மாமியார் எல்லாரிடமும் சொன்னார்.

வினாயகமூர்த்தி கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்ட மனுசன் என்றால் உதறிவிட்டு வந்துவிடலாம். இவர் குடிப்பதில்லை, கை ஓங்குவதில்லை, ஏசினாலும் பத்து நிமிடம்தான். வட்டையை விட்டால் வேறு உலகம் தெரியாது. வருடத்தில் ஒருமுறை, மார்கழி விடுமுறையில், புஸ்பத்தைத் தாய்வீட்டுக்கு அனுப்புவார். அந்த இரண்டு மூன்று நாளும் அவள் கடற்கரையை விட்டு ஏறமாட்டாள். மிச்ச நாட்களெல்லாம் அந்த நாட்களுக்கான காத்திருப்புத்தான். மகள் தக்ஷாயினி பிறந்த பிறகு அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு முகத்துவாரம் வரைக்கும் நடந்தாள்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழியில் பெருவெள்ளம். வேளாண்மை ஒரு கிழமை தண்ணீருக்குள் கிடந்தது. வெள்ளம் வடிந்த கையோடு பசளை எறியாவிட்டால் பயிர் மஞ்சளித்துப் போகும். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. இருபத்தைந்தாம் திகதி காலையில் புஸ்பம் உடுப்பு அடுக்கிய பையோடு நாவலடிக்குப் புறப்பட்டு நின்றாள். திங்கட்கிழமை போ, இப்போது பசளைக்கு ஆள் வேண்டும் என்று புருசன் மறித்தார். சண்டை வந்தது. பத்து வருடத்தில் வாய்விட்டுச் சண்டை பிடித்தது அன்றைக்குத்தான். முடிவில் அவள் பையை மூலையில் எறிந்துவிட்டு வட்டைக்கு இறங்கினாள்.

ஞாயிறு காலை ஒன்பதரை, பத்து இருக்கும். முழங்கால் சேற்றில் நின்று யூரியா எறிந்துகொண்டிருக்கிறாள். பாலத்துப் பக்கமிருந்து ஒருவன் சைக்கிளில் கத்திக்கொண்டு வந்தான். கடல் வந்துவிட்டது, நாவலடி இல்லை என்றான். ஊர் எப்படி இல்லாமல் போகும் என்று அவளுக்கு விளங்கவில்லை. கையில் இருந்த பசளையை எறிந்து முடித்துவிட்டுத்தான் வரம்பில் ஏறினாள். அதை நினைத்துப் பிறகு பல வருடம் தன்னைத்தானே திட்டினாள்.

தாய், அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். ஐந்து பேர். தகப்பன் முன்னமே காலமாகிவிட்டபடியால் தப்பினார் என்று சொல்லவேண்டியதுதான். உடல்களைத் தேடி வினாயகமூர்த்திதான் போனார். இரண்டு பேரை அடையாளம் கண்டு அடக்கம் செய்துவிட்டு மூன்றாம் நாள் வந்தார். நீ பார்க்கவேண்டாம் என்றார். அவளும் கேட்கவில்லை.

முப்பத்தொராம் நாள் கிரியை முடிந்த மறுகிழமை, அழுதுகொண்டிருந்தவளைத் தேற்றத்தான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். "அண்டைக்கு நான் மறிச்சபடியாத்தானே நீ இருக்காய்." நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் சொல்லிப் பார்த்தபோது அதன் பலம் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு எதற்கும் அதே வார்த்தை. டவுனில் தையல் வகுப்புக்குப் போகவா என்றால், அண்டைக்கு நான் மறிச்சபடியாத்தானே. மாமாங்கக் கோயிலுக்குப் போய்வரவா என்றால், அண்டைக்கு நான். ஒருநாள் கறியில் உப்புக் கூடிப்போய் அவர் ஏச, அவள் வாய் காட்டியதற்கும் அது வந்தது. அது உண்மைதானே. உயிரையே ஒருவர் கையால் வாங்கியவள் அவரோடு எந்த வழக்குக்கு நிற்பது? முன்பு அவளைப் பாலமும் பாஸும் மறித்தன. அவற்றைத் திட்டலாம். இதைத் திட்டவும் வழியில்லை.

இரண்டாயிரத்து ஏழில் ஷெல் விழத் தொடங்கப் படுவான்கரை முழுக்கப் பாலம் கடந்து கிழக்கே ஓடியது. இவர்களுக்குக் கிடைத்த முகாம் கடலிலிருந்து அரைக் கட்டை தூரம்கூட இல்லை. தகரக் கொட்டிலில் படுத்தால் அலை கேட்கும். பன்னிரண்டு வருடம் கேட்க ஏங்கிய சத்தம். முள்ளுக்கம்பியும் ஆமிச் சென்றியும் தாண்டப் பகலில் அனுமதிச் சீட்டுக் கொடுப்பார்கள். எல்லாப் பெண்களும் வாங்கினார்கள். இவள் கேட்டபோது புருசன் அந்த வார்த்தையைச் சொன்னார். இரண்டு மாதம் கடலைக் காதால் மட்டும் பார்த்துவிட்டு வவுணதீவுக்குத் திரும்பிப் போனாள்.

ஒன்பதாம் ஆண்டு வைகாசியில் யுத்தம் முடிந்தது என்றார்கள். கொழும்பிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து பாசிக்குடாவில் குளித்தது. பாலத்தில் பை கொட்டும் வேலை நின்றது. பாஸ் இல்லை, பதிவு இல்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் மட்டக்களப்புக் கடலைப் பார்க்கலாம், நாலைந்து கட்டை தள்ளியிருந்த புஸ்பத்தைத் தவிர.

அடுத்த வருடம் ஆறாம் வகுப்பில் தக்ஷாயினிக்குக் கட்டுரை கொடுத்தார்கள்: கடற்கரையில் ஒரு நாள். பிள்ளைக்குக் கடல் ஞாபகமே இல்லை. தாயிடம் கேட்டாள். புஸ்பம் அரிசி புடைத்தபடி சொன்னாள், மகள் எழுதினாள். அலை திரும்பும்போது குதிக்காலுக்குக் கீழே மணல் கரைந்து போவது, கரைவலை ஏறும்போது பெட்டியோடு ஓடுவது, இரண்டு நிறத் தண்ணீர். வகுப்பில் அதுதான் முதலாவது. சுவரில் ஒட்டினார்கள். வினாயகமூர்த்திக்குப் பெருமை பிடிபடவில்லை. கொப்பியை வாங்கி முற்றத்தில் இருந்து சத்தமாக வாசித்தார். 'நான் அலையில் இறங்கி நின்றேன்' என்று அவர் வாசித்ததும் மகள் சிரித்தாள். நான் எங்கே அப்பா நின்றேன், அது அம்மா என்றாள்.

புஸ்பம் சுளகைக் கீழே வைத்தாள். வாற ஞாயிறு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாவலடிக்குப் போகிறேன் என்றாள். கேள்வியாக இல்லை, தகவலாக. அவர் கொப்பியை மூடினார். அந்த வார்த்தை வழக்கம்போல வந்தது.

"அண்டைக்கு நான் மறிச்சபடியாத்தானே..."

"இஞ்சாருங்க," என்றாள் புஸ்பம். குரல் உயரவில்லை. "நீங்க என்னக் கடலுக்குப் பயந்து மறிக்கல்ல. பசளை எறிய ஆளில்ல எண்டு மறிச்சீங்க."

ஆறு வருடமாக வயிற்றுக்குள் கிடந்தது. மகள் தகப்பனைப் பார்த்தாள். இவர் எழும்பிப் போய்விடுவார், அல்லது ஏசுவார் என்றுதான் புஸ்பம் நினைத்தாள். அவர் கொப்பியின் மட்டையைத் தடவினார்.

"ஓம். பசளைக்குத்தான்," என்றார். "வழமைப்படி நான்தான் உன்ட வீட்டுக்கு வந்திருக்கணும். வட்டைய விட்டுட்டு வர ஏலாம உன்ன இஞ்ச கூட்டி வந்தன். ஒவ்வொரு வருசமும் நீ கடலுக்குப் போகக்குள்ள, இனி இவள் திரும்பி வரமாட்டாள் எண்டுதான் நான் நினைக்கிற. இப்பவும் அதுதான்."

புஸ்பத்துக்குக் கோபம்தான் வந்தது. இதைப் பதினைந்து வருடத்துக்கு முன் சொல்லியிருக்கக் கூடாதா? வருவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளே. இப்போது சொல்ல மனம் வரவில்லை. வருவாளா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் முதல் பஸ் எடுத்தார்கள். கல்லடியில் இறங்கி வடக்கே நடந்தார்கள். மணலில் கால் வைத்ததும் புஸ்பம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வந்தது சந்தோசம், அதுவும் வெட்கப்படும்படியான சந்தோசம். ஐந்து பேரைத் தின்ற கடலைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பாவாடையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு மகளோடு அலைக்கு ஓடினாள், விழுந்தாள், உப்புத் தண்ணீர் குடித்தாள். சிப்பிக்குப் பெயர் சொல்லிக்கொடுத்தாள். நண்டு வளையைத் தோண்டிக் காட்டினாள். முகத்துவாரத்தில் இரண்டு நிறத் தண்ணீரையும் கண்டதும் தக்ஷாயினி, நான் எழுதினது சரி அம்மா என்றாள்.

திரும்பும் வழியில் வீடிருந்த இடத்தைத் தேடினாள். புதிதாக நட்ட சவுக்கு மரங்கள் வரிசையாக நின்றன. கிணற்றுக்கட்டு ஒன்று சரிந்து கிடந்தது. அது அக்காவினதா பக்கத்து வீட்டினதா என்று பிடிபடவில்லை. ஊரில் தப்பியவர்களைத் திராய்மடுவில் குடியேற்றிவிட்டார்கள். கேட்டுப் பார்க்கவும் ஆளில்லை. கிணற்றுக்கட்டில் குந்தி இருவரும் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டார்கள். வெயில் சாய்ந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரம் கிட்டியது.

"இஞ்சயே இருப்பமா அம்மா?" என்றாள் மகள்.

கை கழுவிக்கொண்டிருந்த புஸ்பம் அப்படியே நின்றாள். இருக்கத்தான் அவளுக்கும் ஆசை. எழும்ப மனமே இல்லை. எங்கே இருப்பது? தாய் இருந்தால் தாயோடு இருக்கலாம். அக்கா இருந்தால் ஏசி ஏசி ஒரு பாய் போடுவாள். பாவம், இந்த மனுசன் பதினைந்து வருடம் வீணாகப் பயந்திருக்கிறார். கடலைக் கண்டால் வரமாட்டாள் என்று பயந்தாரே, அவளை வைத்திருக்கக்கூடியவர்களைக் கடல் ஒரு காலையில் கொண்டுபோய்விட்டதை யோசிக்கவில்லை. திரும்பிப் போகாமலிருக்கவும் ஒரு வீடு வேண்டும். அவள் அழுதாள். மகள் பயந்து, சும்மா கேட்டேன் அம்மா, பஸ்ஸுக்குப் போவோம் என்றாள். போனார்கள்.

பொழுதுபடும் நேரம் பாலத்தடியில் இறங்கினால், வினாயகமூர்த்தி சைக்கிளோடு நிற்கிறார். பகல் முழுக்க மனுசன் இங்கேயே நின்றார் என்று பெட்டிக்கடைக்காரன் சொன்னான். பிள்ளையைத் தூக்கிக் கரியரில் வைத்துவிட்டு அவர் மனைவியைப் பார்த்தார்.

"வந்திட்டியா?"

"வேற எங்க போற?" என்றாள் புஸ்பம்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கலியாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் சொன்ன வார்த்தைகளில் அதைத்தான் அவர் அன்பாக எடுத்துக்கொண்டார். வழி நெடுகக் கதைத்துக்கொண்டே சைக்கிளை உருட்டினார். அடுத்த மாதமும் போங்கள், நானும் வருகிறேன் என்றுகூடச் சொன்னார். புஸ்பம் பின்னால் நடந்தாள். அவர் விளங்கிக்கொண்டது பிழையென்று சொல்லவில்லை.