பெரட்டில் நிற்பவனுக்குச் சீக்கு இல்லை

போன செவ்வாய்க்கிழமை ஒரு கூத்து நடந்தது. எனக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். மனைவி தொணதொணத்து, பதுளைக் கடைத்தெருவில் இருக்கும் டாக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே வரிசையில் நிற்க வேண்டும். நின்றேன். என் முறை வந்ததும் டாக்டர் நிமிர்ந்து, "எப்படி, சுகமா?" என்றார்.

"நல்ல சுகமுங்க" என்றேன்!

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சுகமா இருக்கிற மனுசன் இங்க எதுக்கு வந்தீங்களாம்?" டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன்... பாதிதான். இதே பதிலை வேறொருவன் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் சில வருடம் ஜெயிலில் இருந்தவன். பயப்படாதீர்கள், உத்தியோகம்தான்! ஊவா மலையில் ஒரு சின்ன ஜெயிலில் மொழிபெயர்ப்பாளர். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். தப்பு ஊருடையது அல்ல, என்னுடையது.

அப்போது ரயில் பதுளைக்கு வரவில்லை. கூலி ஆட்கள் சொல்லாமல் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போனால் மறியல், அதாவது ஜெயில், என்ற சட்டம் மட்டும் வந்திருந்தது. இப்போது அது ஒழிந்தது, நல்லது. அந்தச் சட்டத்தில் அகப்பட்டு, ஒரு மாதத் தண்டனையோடு வந்தவன் கருப்பையா. கொஸ்லந்தைப் பக்கத்துக்காரன், இளம் வயது. விடுதலையாகும் நாளில் மனைவி செல்லாயி வந்து கூட்டிப் போவாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பான்.

அந்த மாதம் ஜெயிலில் சீதபேதி நுழைந்துவிட்டது. ஒருவனிடமிருந்து ஒருவனுக்குத் தொற்றுகிற வியாதி. ஜெயிலுக்கு வரும் வெள்ளைக்கார டாக்டர் துரை நல்ல மனிதர். சீக்காளிகளுக்குத் தனி அறை ஒழித்துக் கொடுத்தார், மருந்து வரவழைத்தார், கஞ்சிக்கு ஏற்பாடு செய்தார். தினமும் காலையில் கைதிகளை வரிசையாக நிறுத்தி, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார். அவர் இங்கிலீஷில் கேட்க, நான் சிங்களத்திலும் தமிழிலும் கத்துவேன்: "யாருக்குச் சீக்கு? முன்னுக்கு வா!"

சிங்களக் கைதிகளில் இரண்டொருவர் வருவார்கள். தோட்டத்து ஆட்களில் ஒருவரும் அசையமாட்டார்கள்.

ஏன்? அது எனக்குத் தெரியும். என் அப்பா லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடிந்ததும் ஆட்களை வரிசை கட்டி வேலைக்குப் பிரிக்கும் பெரட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். சீக்கு வந்தால் ஆள் லயத்துக் காம்பிராவிலேயே, குடியிருக்கும் ஒற்றை அறையிலேயே, படுத்துக்கொள்வான். கங்காணி கதவைத் தட்டி, திட்டி, பார்த்துவிட்டுப் போவார். பெரட்டுக்கு வந்து நின்றபிறகு 'முடியல' என்றால் தொலைந்தான். "பெரட்டுக்கு வரத் தெம்பிருக்கு, மலைக்குப் போகத் தெம்பில்லியா?" ஆகவே பெரட்டில் நிற்பவன் சுகமானவன். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

ஜெயிலில் படுத்துக்கொள்ள ஏது காம்பிரா? வார்டர் எல்லோரையும் எழுப்பி நிறுத்திவிடுவார். நிறுத்தி வைத்துக்கொண்டு 'சீக்கா?' என்று கேட்கிறோம்... எவன் சொல்வான்?

இதை டாக்டரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதை மொழிபெயர்ப்பதுதானே என் வேலை? அதிகப்பிரசங்கி என்று நினைப்பாரோ என்ற கூச்சம் வேறு. பாழாய்ப்போன கூச்சம்!

ஒருநாள் காலை, பனி கொட்டுகிறது, கருப்பையாவின் முகத்தில் வேர்வை. கால் விரல்களைத் தரையில் ஊன்றி இறுக்கிக்கொண்டு நின்றான். எனக்குச் சந்தேகம் தட்டியது. கிட்டே போய், "ஒனக்கு எப்படிடா?" என்றேன்.

"நல்ல சுகமுங்க."

'சீக்கு இல்லை' என்று எழுதிக்கொண்டேன். அடுத்த ஆளிடம் போனேன்.

இரண்டு நாள் கழித்துக் கல்லுடைக்கும் இடத்தில் விழுந்தான். தனி அறைக்குத் தூக்கினார்கள். டாக்டர் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். ரத்தம் ரொம்பப் போய்விட்டது, முன்னாடியே வந்திருந்தால்... என்று கையைப் பிசைந்தார். மருந்து அலமாரி, அவன் தினமும் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரம். விடுதலைக்கு நாலு நாள் இருக்கும்போது கருப்பையா போய்விட்டான்.

சேதி கொஸ்லந்தைக்குப் போய்ச் சேருமுன் செல்லாயி புறப்பட்டுவிட்டாள். இரண்டு நாள் நடந்து, வெளுத்த வேட்டி ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சொன்ன நாளில் வாசலுக்கு வந்தாள். அவளுக்குச் சொல்லவேண்டிய வேலையும் மொழிபெயர்ப்பாளனுக்குத்தான்.

அழுது ஓய்ந்தபிறகு கேட்டாள், "நோவான்னு ஒரு வார்த்த அவர யாரும் கேக்கலியாங்க?"

"கேட்டோம்மா. தினமும் கேட்டோம்."

"எங்க வச்சுங்க?"

"காலையில... வரிசையில நிக்கிறப்ப."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பெரட்டுல கேட்டா யாருங்க சொல்லுவாங்க?"

அன்று மத்தியானம் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. மறுநாளிலிருந்து வரிசையில் கேட்பதை நிறுத்தினோம். ஆட்கள் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது நானும் பக்கத்தில் குந்தி, "வயிறு எப்படிப்பா?" என்று மெல்லக் கேட்டேன். முதல் நாளே ஆறு பேர் சொன்னார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள்.

ஒரு கேள்வியைச் சரியாக மொழிபெயர்த்தால் போதும் என்று நினைத்திருந்தேன். எந்த இடத்தில் நிறுத்தி வைத்துக் கேட்கிறோம் என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

நேற்று மறுபடி பதுளை டாக்டரிடம் போனேன். உட்காரச் சொல்லிவிட்டு, "இப்ப சுகமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன். கருப்பையாவையும் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருக்கக்கூடிய பதில்.