டார்ச்சர் என்றொரு சொல்

வெயிலில் காயும் வாளைமீனின் வாசம் வீட்டுக்குள் வந்து, துவைத்த துணியிலும் தலையணையிலும் படிந்துவிடும் கடலூர் முதுநகரின் மதிய வேளைகளில், எங்கள் தெருவில் அதிகம் காதில் விழுந்த சொல் "டார்ச்சர்". கொசு டார்ச்சர், கரண்டு போனால் டார்ச்சர், ரேஷன் கடைக் கூட்டம் டார்ச்சர். உப்பனாற்றுக் காற்று சற்று நேரம் நின்றுவிட்டால்கூட அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு, "என்னா டார்ச்சரா இருக்குடி இந்தப் புழுக்கம்" என்பாள். அக்காவுக்கோ கணக்குப் பாடம் முழுக்கவே டார்ச்சர். ஆங்கிலம் அதிகம் தெரியாத தெருதான்; ஆனாலும் அந்தச் சொல்லுக்கு வலிக்காத ஓர் அர்த்தத்தை எங்கள் தெரு எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. அம்மாவின் தம்பி கலியமூர்த்தி மாமா, சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலோரக் கிராமம் ஒன்றில் தங்கி, அங்கே ஒருவருடைய படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். ஒரு மதியம் எங்கள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்பா முதலில் இறங்கினார். பிறகு மாமாவை, குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளிலும் ஏந்தி உள்ளே கொண்டு வந்தார். பாதங்கள் இரண்டும் வீங்கிக் கறுத்து, அவருடையவையே அல்லாதவைபோல இருந்தன. படகின் இன்ஜின் காணாமல் போய், சந்தேகத்தில் மாமாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்களாம். படகுக்காரரின் மைத்துனனே அதை எடுத்து விற்றுவிட்டது பின்னால் தெரிந்து, மாமாவை விட்டுவிட்டார்களாம். இவ்வளவையும் அப்பா சமையலறையில் அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். கடைசியில், "சித்திரவதை பண்ணிருக்கானுங்க" என்றார்.

அந்தச் சொல்லை நான் கேட்டது அதுவே முதல்முறை. சித்திரம் என்றால் படம் என்று எனக்குத் தெரியும். யாரோ மாமாவிடமிருந்த படங்களையெல்லாம் கிழித்துப்போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாதி இருட்டான அந்த அறையில், ஓட்டுக் கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சச் சதுரம் மாமாவின் மார்பிலிருந்து சுவருக்கு மெல்ல ஏறுவதைப் பார்த்தபடி, அவருக்கு என்ன படம் வரைந்து கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்திரம் என்பதற்குப் பலவகை என்றும் ஒரு பொருள் உண்டு, பலவிதமாக வதைப்பதே சித்திரவதை என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் அக்கா வழக்கம்போல, "இந்தக் கணக்கு ஒரே டார்ச்சர்மா" என்று கத்தினாள். எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு திரும்பினாள். உள்ளே படுத்திருந்த மாமாதான் பேசினார். "திட்டாதக்கா. அவ சொல்றது வேற."

பெரியப்பா பார்க்க வந்தார். "அடி உதவுறாப்புல அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? ஸ்டேஷனுக்குப் போனா ரெண்டு தட்டு தட்டத்தான் செய்வான். பெருசு பண்ணாத மச்சான், நாளைக்கு அங்கியே தொழிலுக்குப் போவணும்."

அவர் போன பிறகு மாமா அம்மாவிடம் சொன்னார்: "நான் திருடலன்னு இப்ப ஊருக்கே தெரியும்க்கா. ஆனா அங்க வச்சி, நான்தான் எடுத்தேன்னு ஒத்துக்கிட்டேன். எங்க வித்தேன்னு கேட்டானுங்க, வாயில வந்த ஊரெல்லாம் சொன்னேன். வலிகூட போயிடும். என் வாயாலயே சொன்னேன் பாரு, அதான் தூங்க வுடல." அம்மா அவர் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய ஆள் அழுததை நான் பார்த்தேன்.

ஸ்டேஷனில் அடித்த இரண்டு போலீஸ்காரர்கள் மேல் மாமா புகார் கொடுத்தார். விசாரணை சிதம்பரம் கோர்ட்டில் நடந்தது. வீட்டில் ஆளில்லாததால் அம்மா என்னையும் கூட்டிப்போனாள். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது ஆறும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன. தூரத்தில் கோபுரங்கள் பனிமூட்டத்தில் மிதந்தன. மாமா வழி முழுக்க உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எங்கள் தரப்பு வக்கீலம்மா சொல்லிக்கொடுத்த ஏதோ சட்டச் சொல் அது. நாக்கில் நிற்கவே இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் கோபப்படவில்லை, சிரித்தபடியே கேட்டார். "கொஞ்சம் கண்டிப்பா விசாரிச்சிருப்பாங்க. அதைப் போயி புகார்ல டார்ச்சர்ங்கறீங்க. எங்க வீட்டுப் புள்ளைங்ககூட ஹோம்வொர்க் டார்ச்சர்னுதான் சொல்லுது. அதுமாதிரிதான?"

சிலர் சிரித்தார்கள். கூண்டுக் கட்டையைப் பிடித்திருந்த மாமா சிரித்தவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். இறங்கி வந்துவிடுவாரோ என்று அம்மா என் தோளை இறுக்கினாள்.

"புள்ளைங்க புக்கை மூடி வச்சிட்டு வெளையாடப் போவும் சார்" என்றார் மாமா. "எனக்கு மூடி வைக்க முடியல. எப்ப நிறுத்தறதுங்கறது அவுங்க கையில இருந்துச்சி. அதுக்கு என்னா வார்த்தையோ எனக்குத் தெரியல. வக்கீலம்மா ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க, மறந்துட்டன். என்னா செஞ்சாங்கன்னு சொல்றேன், பேரு நீங்களே வச்சிக்குங்க."

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். அம்மா என் காதுகளைப் பொத்திவிட்டாள். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. கடலுக்கடியிலிருந்து பார்ப்பதுபோல, சத்தமில்லாமல் அசையும் மாமாவின் உதடுகள் தெரிந்தன.

தீர்ப்பு வர வருடங்கள் ஆயின. நடந்தது சித்திரவதைதான் என்று கோர்ட் சொன்னது. ஒருவருக்குத் தண்டனை, இன்னொருவர் தப்பித்துக்கொண்டார். வக்கீலம்மா போனில் சொன்னதும் மாமா, "சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். மறுநாள் பொழுது ஏறும் வரை எழவில்லை. அம்மா யாரையும் எழுப்ப விடவில்லை.

நான் இப்போது சிதம்பரத்தில் குடியிருக்கிறேன். மாமா அந்தக் கடலோரக் கிராமத்துக்கே திரும்பிப் போய் அங்கேயே இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. போன மாதம் பார்க்கப் போனபோது, கடற்கரைக்கு நடக்கும் வழியில் ஒரு காலி மனைக்கு எதிரே நின்றார். "இங்கதான் பாப்பா இருந்துச்சி, அந்த ஸ்டேஷன்" என்றார். புதிய கட்டடம் மெயின் ரோட்டில் வந்தபின் பழையதை இடித்துவிட்டார்களாம். சுவரில்லை, வாசற்படியில்லை. மணல்மேல் அடப்பங்கொடி படர்ந்து ஊதாப்பூ பூத்திருந்தது. நடுவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாமாவைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் அந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவரோ துண்டை உதறித் தரையில் விரித்து, சம்மணமிட்டு உட்கார்ந்து, "யாருடா ஜெயிக்கறது?" என்று கேட்டார்.