குகை வாசலில் நான் விட்ட அம்பு

வருவது யாரென்று பார்த்தபின் அம்பு விடுவேன் என ஏன் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை?

ஏற்காட்டில் மழை பெய்த ஒரு ஞாயிறு மதியம். கணவர் கதை சொல்ல, நானும் எட்டு வயது மகளும் அதில் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தோம். ஆறு மாதமாக அவள் ஆடி வளர்த்த வீராங்கனை, கதையில் ஒரு குகைக்குள் ஓநாய்களிடம் மாட்டிக்கொண்டாள்.

எனக்குப் பதற்றம். “குகையிலிருந்து எது வெளியே வந்தாலும் அம்பு விடுவேன்” என்று அறிவித்துவிட்டு என் வில்லாளியை வாசலில் நிறுத்தினேன். அறிவித்ததை மாற்றக்கூடாது என்பது விதி.

அடுத்து மகளின் முறை. “நான் அம்மாகிட்ட ஓடியாறேன்” என்றாள்.

“என்னங்க, இது வேண்டாங்க” என்றேன்.

கணவர் தயங்கினார். “சொன்னது சொன்னதுதான். உருட்டு.”

பெரிய எண் விழுந்தது; அம்பு குறி தப்பவில்லை. வீராங்கனை இறந்தாள்.

மகள் அழவில்லை. அப்பாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “நானுன்னா அம்மா அம்பு விடமாட்டாங்கன்னுதான் ஓடியாந்தனுங்க.”

அதன்பின் அவள் என்னோடு விளையாட வருவதில்லை. அவளிடம் நான் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.