கௌபாய் துப்பாக்கிக்குக் குழல் மாற்றிய கதை

பலூன் சுடும் துப்பாக்கியைப் பழுது பார்ப்பவனுக்கு ஒரு வசதி உண்டு: வேலை சரியில்லை என்றால் திருவிழாக் கூட்டமே கூடி நின்று சிரித்துச் சொல்லிவிடும்.

எதையாவது கழற்றி மாட்டிவிட்டு, கையில் ஒரு திருகாணி மிச்சமிருப்பதைப் பார்த்துத் திருதிருவென்று விழித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான், உட்காருங்கள். கோவில்பட்டியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. கடைசல் போட ஒரு லேத், இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ். தீப்பெட்டி ஆபீஸ் மிஷின் முதல் மாவு மிஷின் வரைக்கும் பார்ப்பேன். கோயில் திருவிழாவான கொடைகளில் கடை போடுகிறவர்களின் காற்றுத் துப்பாக்கிகளும் என்னிடம்தான் வரும். நெருப்பும் மருந்தும் இல்லாத துப்பாக்கி அது. உள்ளே ஒரு ஸ்பிரிங், கடலைப் பருப்பைவிடச் சின்னதாக ஈயக்குண்டு, அவ்வளவுதான். ஆனால் முத்துலட்சுமி அக்காவின் கௌபாய் துப்பாக்கி என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மூடிய கடை

வெளிநாட்டுக் குதிரைவீரர் படங்களில் வருகிற துப்பாக்கியைப் பார்த்து இந்தக் காலத்தில் செய்த நகல் அது. மரக்கட்டை, பித்தளை மாதிரி மினுக்கும் தகடு, தகட்டில் ஒரு குதிரை. குழலுக்கு அடியில் இருக்கும் கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். ‘சடக், சடக்’ என்று குண்டு ஏறும். பையன்களுக்குச் சுடுவதைவிட அந்தச் சடக்கில்தான் ஆசை. பக்கத்தில் எத்தனை பலூன் கடை இருந்தாலும் அக்கா கடையில்தான் கூட்டம் நிற்கும்.

ஒரு கொடைக்காக மினி லாரியில் இருந்து சாமான் இறக்கும்போது பந்தல் கம்பி ஒன்று அதன்மேல் விழுந்திருக்கிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் யாரோ சுட்ட குண்டு பலூன் பலகையின் இரும்புச் சட்டத்தில் பட்டுத் தெறித்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணின் காதோரம் உரசிக்கொண்டு போயிருக்கிறது. லேசான கீறல்தான். அந்தப் பெண்ணின் அம்மாவே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாளாம். மறுநாள் காலையில் அக்கா துப்பாக்கியோடு பட்டறைக்கு வந்துவிட்டாள். குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவில் வளைந்திருந்தது. கயத்தாறுப் பக்கம் அடுத்த வாரம் ஒரு பெரிய கொடை, அதற்குள் முடியுமா பார்க்கிறேன் என்றேன். அக்கா சொன்னாள்:

“கூட்டத்தை அப்படியே விட்டுட்டுக் கடைய மூடிட்டு வந்திருக்கேன் தம்பி. கொடை போனா அடுத்த கொடை வரும். ஒரு புள்ள கண்ணு போச்சுன்னா நான் எங்கன போயி வாங்கியாருவேன்?”

பயப்படாத அணில்

வளைந்த குழலைத் தட்டி நிமிர்த்தலாமே என்று கேட்காதீர்கள். தட்டி நிமிர்த்திய குழலில் அடுத்த குண்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. புதுக் குழலுக்கு மதுரை, சென்னை என்று போன் போட்டேன். துப்பாக்கி கிடைக்கும், குழல் தனியாகக் கிடைக்காது என்றார்கள். கடைசியில் ரிட்டையரான பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் ஒருவர் வீட்டுப் பரணில் கட்டை உடைந்த பழைய ஏர்கன் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும், முட்டி வலியோடு அவரே ஏணியில் ஏறிவிட்டார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.

குழல் அருமையான குழல். எண்ணெய்த் துணி விட்டுத் துடைத்தால் உள்ளே குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் சுழல் வரி அப்படியே பளிச்சென்று இருந்தது. நீளம் வெட்டி, பின்முனையை லேத்தில் கடைந்து பொருத்திவிடலாம். சந்தோஷத்தில், இவ்வளவு நல்ல சாமானை எதற்கு வாங்கினீர்கள், ஏன் பரணில் போட்டீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

“கொய்யா மரத்துல அணில் வெரட்டலாம்னு வாங்கினேன். ஒரு அணில்கூட பயப்படல. உம்ம பலூனாவது பயப்படுதான்னு பாரும்.”

புஸ்

குழலை மாட்டி முதல் குண்டைச் சுட்டேன். ‘புஸ்’ என்றது. குண்டு குழல் வாய்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு என் செருப்பில் விழுந்தது. கழற்றி மாட்டினேன், மறுபடியும் புஸ். பக்கத்துக் கடை அண்ணாச்சி பயிருக்கு மருந்தடிக்கும் பம்பு விற்கிறவர். மூன்றாவது புஸ்ஸுக்கு அவரே எழுந்து வந்துவிட்டார். கையில் ஒரு டப்பா நிறைய ரப்பர் வளையங்கள். புதுக் குழலும் காற்று அறையும் சேருகிற இடத்தில் நான் போட்டிருந்த வளையம் ஒரு நூல் அளவு சிறியது. அவர் பொறுக்கித் தந்ததைப் போட்டதும் குண்டு போய் மணல் மூட்டைக்குள் புதைந்தது. அண்ணாச்சி சிரித்தார்:

“நம்ம கரிசக்காட்டு ஆளு பம்புல இந்தப் புஸ் சத்தத்தக் கேட்டா, வாங்குன மருந்தெல்லாம் போச்சேன்னு அழுவான் வே. நீரு என்னடான்னா திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு நிக்கீரு.”

பேருந்தில் பிடிபட்டவன்

தூரத்தில் வைத்துச் சுட்டுப் பார்க்கலாம் என்று ஓட்டப்பிடாரத்தில் இருக்கும் மச்சானின் கரிசல் காட்டு நிலத்துக்குப் புறப்பட்டேன். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். வழியில் பஸ் குலுங்கிய குலுக்கில் சாக்கு விலகிக் குழல் வெளியே எட்டிப் பார்த்தது. பக்கத்து சீட்டு அம்மா “ஆத்தா!” என்று அலறினார். டிரைவர் நேராகப் போலீஸ் சாவடி முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். என்னை இறக்கிவிட்டு பஸ் போயே போய்விட்டது.

சாவடியில் இருந்தவர் நடுவயது ஏட்டையா. இது பலூன் துப்பாக்கி என்று நான் சொல்லச் சொல்ல, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைச் சாவடிக்குப் பின்னால் கூட்டிப்போய், மணல் மேட்டில் ஒரு தீப்பெட்டியை வைத்து அவரே சுட்டார். இடது பக்கம் போனது. மறுபடியும் இடது. மூன்றாவதும் அங்கேதான். அவர் என்னைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டுத் துப்பாக்கியைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். முன்னால் குழலைப் பிடித்திருக்கும் இரும்பு வளையத்தைத் தொட்டுக்காட்டி, “இது இழுக்குது பாரும்” என்றார். ஆமாம், நான்தான் அதை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து தளர்த்திச் சரி செய்தேன். அடுத்த குண்டில் தீப்பெட்டி துள்ளி விழுந்தது. டீ வாங்கிக் கொடுத்து, கோவில்பட்டி திரும்பும் அடுத்த பஸ்ஸை அவரே கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார்.

“முன்னால இருந்த மாதிரி இருந்தா, நீரு யாரைக் குறி வச்சாலும் அவருக்குப் பக்கத்துல நிக்கிறவர்தான் பாவம். போயிட்டு வாரும்.”

அக்கா போட்ட நிபந்தனை

இனிமேல்தான் நான் மறக்க முடியாத இடம். வேலை முடிந்தது, எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லியனுப்பினேன். அக்கா வந்தாள், பார்த்தாள், எடுக்கவில்லை. எனக்கு செல்வி என்று எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள் உண்டு. கொடையன்று முதல் குண்டை அவள்தான் சுட வேண்டும், அப்போதுதான் மற்ற பிள்ளைகள் கையில் கொடுப்பேன் என்றாள். அதற்கென்ன என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், சுடப் போவது என் பிள்ளை என்று உறைத்தது.

மறுநாள் காலையில், செல்வி கையில் இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு முதலில் இருந்து எல்லாவற்றையும் சோதித்தேன். நான் மெதுவாகத்தானே இழுத்துத் தள்ளுகிறேன், பிள்ளைகள் அப்படியா செய்வார்கள்? குழலை மணல் மூட்டைக்கு நேரே பிடித்து, கைப்பிடியை இழுத்து ஒரே அடியாக முன்னால் அறைந்தேன். டப்! விசையில் விரலே வைக்கவில்லை, தானாக வெடித்துவிட்டது. உடனே பிரித்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்த உள்ளே ஒரு கொக்கி உண்டு. அந்தக் கொக்கியை அழுத்தி வைத்திருக்கும் குட்டி ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது.

அதற்கு ஈடான குட்டி ஸ்பிரிங் தையல் மிஷினில்தான் கிடைக்கும். தையல் மிஷின் நிறைந்த ஊர் புதியம்புத்தூர்தான் என்று பஸ் ஏறினேன். அங்கே ஒரு மிஷின் மெக்கானிக், பண்டிகை ஆர்டர் நேரம், தலைக்குமேல் வேலை. நான் சொன்னதைக் கேட்டதும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு, தகர டின்னைக் கவிழ்த்து ஒவ்வொரு ஸ்பிரிங்காக மாட்டிப் பார்த்தார். ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. கைப்பிடியை அறைந்தோம், கட்டையைச் சுத்தியலால் தட்டினோம். கொக்கி அசையவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தேன், மெக்கானிக் தடுத்தார்:

“ஊசி ஒரு தடவை தானா இறங்கினா எங்க தையல் புள்ளைகளுக்கு விரலு போச்சு. நாங்க எல்லாம் ஸ்பிரிங்குக்குப் பயந்து பொழைக்கிற ஆளுக அண்ணாச்சி.”

மஞ்சளும் சிவப்பும்

கொடையன்று அக்கா கடையில் பலூன்கள் ஒன்றுகூட உடையாமல் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. இரும்புச் சட்டத்தை எடுத்துவிட்டுப் பின்னால் கனமான படுதா தொங்கவிட்டிருந்தாள். வேடிக்கை பார்க்கிறவர்கள் தள்ளி நிற்கக் கயிறும் கட்டியிருந்தாள். பையன்கள் கயிற்றை நெட்டித் தள்ளிக்கொண்டு நின்றார்கள். செல்வி துப்பாக்கியை வாங்கி, நான் பயந்தது போலவே ஓங்கி அறைந்தாள். சடக், சடக். ஒன்றும் ஆகவில்லை. நான் விட்ட மூச்சு மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் குறிபார்த்துச் சுட்டாள். சிவப்புப் பலூன் ஒன்று வெடித்தது. கூட்டம் கைதட்டியது. செல்வி மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, நான் மஞ்சளைத்தான் குறி பார்த்தேன் என்றாள்.

உடனே துப்பாக்கியை வாங்கி நான் ஒன்று சுட்டேன், குறி பார்த்த பலூனே உடைந்தது. அக்கா ஒன்று சுட்டாள், அதுவும் அப்படியே. பிறகுதான், அத்தனை நாளில் முதல் தடவையாக, அக்கா சிரித்தாள். செல்வியின் தலையைத் தடவி, அடுத்து நின்ற பையன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தாள்.

“உங்கப்பா துப்பாக்கியத்தான் சரி பண்ணுவாரு தாயி. ஒங் கையச் சரி பண்ணணும்னா தெனமும் எங் கடைக்கு வா.”

குழல் தந்தவர் ஒருவர், வளையம் தந்தவர் ஒருவர், குறியைத் திருத்தியவர் ஒருவர், ஸ்பிரிங் தந்தவர் ஒருவர் என்றிருக்க, பட்டறைப் பெயர்ப்பலகையில் மட்டும் இன்னும் என் பெயரே இருக்கிறது என்பதும், அவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றி இதுவரை வாய் திறக்கவில்லை என்பதும்தான் இந்தத் தொழிலில் நான் சம்பாதித்தது.